பிரஷைக் கீழே வையுங்கள், தகட்டை எடுங்கள்!

சனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் குமாரகிருபா சாலையில் வண்டிகள் ஓடாது. கர்நாடக சித்ரகலா பரிஷத் ஆண்டுதோறும் நடத்தும் சித்ர சந்தெ அன்றைக்கு. சந்தெ என்றால் நம் சந்தைதான். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் பரப்புவதுபோல் நடைபாதையில் பரப்பி, மரத்தில் சாய்த்து, கயிற்றில் மாட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் அன்று முழுக்கப் படம் விற்பார்கள். காலையிலிருந்து இருட்டும்வரை கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஓர் ஆண்டு அந்தக் கூட்டத்தில் எனக்கு முன்னால் ஒரு தகப்பனார் மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு போனார். நாலு வயது இருக்கும். பெரிய மயில் படம் ஒன்றை விரல் நீட்டிக் காட்டி, "அப்பா, நானும் இது மாதிரி பண்றேன்" என்றது அந்தக் குழந்தை, நம் தமிழில். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம குடும்பத்துல யாருக்கும் அது வராதுடா கண்ணு."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நீட்டிய விரல் மடங்கியதை நான் பார்த்தேன்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் யாரோ சொன்னதுதானே அது! "வராது" என்ற அந்த ஒற்றைச் சொல்லின் மேல்தான் கோபம். வராது, வராது, வராது என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையின் கையைக் கட்டிப்போடுகிறது. கட்டிய கயிறு கண்ணுக்குத் தெரியாததால், அதைக் கை என்றே நம்பி வாழ்ந்துவிடுகிறோம்.

என் கையையும் கட்டினார்கள். நான் கோலார் தங்கவயலில் வளர்ந்தவன். ஏழாம் வகுப்பில் நான் வரைந்த கிளியின் குறுக்கே ஓவிய ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, நோட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் 32 ஆண்டுகள் நான் ஒரு கோடுகூட வரையவில்லை. 32 ஆண்டுகள்! ஒரு மனிதன் பிறந்து, படித்து, கல்யாணம் முடித்துப் பிள்ளை பெறுகிற காலம். அத்தனை காலமும் ஒரு சிவப்புக் கோடு என்னை ஆண்டது.

இப்போது உங்களைக் கேட்கிறேன். உங்கள் சிவப்புக் கோடு எது?

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். விஜயதசமியன்று தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, மடியில் உட்காரவைத்து, உங்கள் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தார்களே, நினைவிருக்கிறதா? அரிசி விலகிய இடத்தில் தாம்பாளம் பளிச்சென்று தெரிந்தது. அதுதான் உங்கள் முதல் ஓவியம். பிரஷ் இல்லை, பென்சில் இல்லை, விரல்தான் கருவி. அன்றைக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

என் அம்மா கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை ஒழுகவிட்டு, பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலத்தைத் தயங்காமல் சுற்றி முடிப்பார். இடுப்பை வளைத்து, மூச்சு ஒரே சீராக, விடியற்காலை ஐந்தரை மணிக்கு. அந்த நேரத்தில் பால்காரர் கூப்பிட்டால்கூட அவர் காதில் விழாது. அதைவிடப் பெரிய தியானத்தை எந்த ஆசிரமத்தில் போய்க் கற்பது? ஆனால் அவரிடம் "நீங்கள் ஓவியரா?" என்று கேட்டிருந்தால், "ஐயோ, எனக்கு அதெல்லாம் வராதுப்பா" என்றுதான் சொல்லியிருப்பார். அவர் கை செய்ததை அவர் வாயே மறுத்திருக்கும்!

என் கட்டு அவிழ்ந்தது பெங்களூர் அல்சூரில், என் வீட்டுச் சுவருக்கு முன்னால்.

மழையில் ஓதம் ஏறிய சுவரைச் சரிசெய்ய தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பெயிண்டர் வந்திருந்தார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையில் அகலத் தகடு, அதில் வெண்ணெய்போல் குழைத்த பட்டி. வலது கையில் சின்னத் தகடு. ஒரு வழிப்பு, ஒரு இழுப்பு. ஒரு வழிப்பு, ஒரு இழுப்பு. மேடும் பள்ளமுமாக இருந்த சுவர் அவர் கை போன இடமெல்லாம் முட்டை ஓடுபோல் ஆயிற்று. அரைமணி நேரம் வேடிக்கை பார்த்தேன். பிறகு வாயைவிட்டுக் கேட்டேன், "நான் ஒரு தடவை இழுக்கட்டுமா?"

கொடுத்தார். இழுத்தேன். வரிவரியாக வந்தது.

"அழுத்தாதீங்க சார். அழுத்துனா ஓரத்துல வரி விழும். பிளேடைச் சாச்சுப் புடிங்க. மணிக்கட்டை ஆட்டாதீங்க, தோள்ல இருந்து இழுங்க." மறுபடி இழுத்தேன். பாதிவரை நன்றாகப் போய், நடுவில் ஒரு கோடு விழுந்தது. அவர் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். "இங்க மூச்சை நிறுத்திட்டீங்க பாருங்க. அங்கதான் விழுது. மூச்சை விட்டுக்கிட்டே இழுங்க."

யோகா வகுப்புக்குப் பணம் கட்டிப் போயிருக்கிறேன். கண்ணை மூடி உட்கார்ந்து, மனம் சில்க் போர்டு நெரிசலிலும் அலுவலகக் கணக்கிலும் ஓடுவதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். மூச்சு நின்ற இடத்தை இப்படி விரல் வைத்துக் காட்டியவர் எவருமில்லை.

அன்றிரவு மிச்சமிருந்த வெள்ளை எமல்ஷனையும் நாலு ஸ்டெயினர் சாயக் குப்பிகளையும் எடுத்துக்கொண்டு, பால்கனியில் கிடந்த ஒரு பிளைவுட் துண்டின் முன் உட்கார்ந்தேன். கையில் அவர் வைத்துவிட்டுப் போன சின்னத் தகடு. மஞ்சளைப் பூசினேன். அது பாதி காய்வதற்குள் நீலத்தை மேலே இழுத்தேன். தகட்டின் ஒரு முனை கொஞ்சம் அழுந்தியது. நீலம் விலகி, அடியிலிருந்த மஞ்சள் ஒரு கீற்றாக எட்டிப்பார்த்தது, தாம்பாளத்து அரிசிக்கடியில் பித்தளை தெரிந்த மாதிரி. நான் வரைந்ததல்ல அது. நான் வழிவிட்டதும் தானாக வந்தது. ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவன் நிமிர்ந்து பார்த்தபோது பன்னிரண்டாகப் பத்து நிமிடம். ஏறக்குறைய மூன்று மணி நேரம் நான் யாருக்கும் பயப்படவில்லை.

ஏன் தகடு? ஏன் பிரஷ் கூடாது? கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் பிரஷை எடுத்ததும் நம் விரல்கள் பேனாவைப் பிடிப்பதுபோல் அதைப் பிடிக்கின்றன. பேனா என்றால் பரீட்சை. பரீட்சை என்றால் பயம். அந்தப் பிடியிலேயே பழைய வகுப்பறை முழுக்க உங்கள் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. தகட்டை அப்படிப் பிடிக்க முடியாது. அதை தோசைக்கரண்டியைப் பிடிப்பதுபோல், கொத்தனார் கரணையைப் பிடிப்பதுபோல்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பிடிக்கு எந்த ஆசிரியரும் மதிப்பெண் போட்டதில்லை! தகட்டால் கண் இமை வரைய முடியாது, கிளி மூக்கு வரைய முடியாது. அது முடியாதபோது, அச்சு அசலாக வரவேண்டும் என்ற ஆசையும் கழன்று விழுகிறது. நிறமும் அழுத்தமும் மூச்சும்தான் மிச்சம். பெயிண்ட் சில நிமிடங்களிலேயே ஆடை கட்டத் தொடங்கிவிடும். நேற்றைக்கும் நாளைக்கும் போய்வர மனத்துக்கு நேரமே இருக்காது.

"இதெல்லாம் நல்ல உடம்பு உள்ளவர்களுக்கு" என்று யாராவது சொல்வார்கள். அவர்களுக்கு வினோத் பிகாரி முகர்ஜியைத் தெரியாது.

1904-இல் கல்கத்தாவை ஒட்டிய பெஹாலாவில் பிறந்தவர். பிறவியிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. இப்படிப்பட்ட பையன் ஓவியம் கற்கப் போனான்! சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, 1946-47-இல் இந்தி பவனச் சுவர்களில் இடைக்கால ஞானிகளின் வாழ்வை ஈரச் சுதையில் தீட்டினார். நம் இராமானுசர் அந்தச் சுவரில் இருக்கிறார். 1957-இல் கண் அறுவை சிகிச்சை ஒன்று பலிக்கவில்லை. இருந்த பார்வையும் போயிற்று. வயது 53.

யோசித்துப் பாருங்கள். ஓவியன் ஒருவனுக்கு இதைவிடக் கொடிய செய்தி உண்டா? மூலையில் உட்கார்ந்து அழ அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் கத்தரியை எடுத்தார். காகிதத்தை விரலால் தடவித் தடவி வெட்டினார், ஒட்டினார். களிமண்ணைப் பிசைந்து உருவங்கள் செய்தார். 1972-இல், பார்வை போய் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, சாந்திநிகேதன் ஓவியப் பள்ளியான கலாபவனத்தின் சுவருக்கு ஓடுகளால் ஒரு பெரிய சித்திரம் அமைத்தார். அவரிடம் மாணவராக இருந்த சத்யஜித் ராய் அதே ஆண்டில் அவரைப் பற்றிப் படம் எடுத்தார். அதன் பெயர் 'அகக்கண்'.

கண் போனவர் கத்தரியை எடுத்தார். நமக்கு என்ன போய்விட்டது? சொல்லுங்கள், என்ன போய்விட்டது?

1924 என்ற ஒரே ஆண்டில் பிறந்த இருவரை நான் அடிக்கடி நினைப்பேன். ஒருவர் நாக்பூரில் பிறந்த வாசுதேவ் கெய்தொண்டே. ஜென் வழியில் தோய்ந்தவர். உருளையாலும் தகட்டாலும் வண்ணத்தைப் படலம் படலமாக ஏற்றுவார், வழிப்பார், காத்திருப்பார். ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய படங்கள்தான். மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டு இருப்பது. அவர் படத்தின் முன் நின்றால் நம் சத்தம் நமக்கே கூச்சமாக இருக்கும். இன்னொருவர் ஜப்பானின் கசுவோ ஷிராகா. மேலே கட்டிய கயிற்றைக் கையால் பற்றிக்கொண்டு, தரையில் விரித்த துணிமேல் கொட்டிய வண்ணத்தில் வெறுங்காலால் வழுக்கி வழுக்கி வரைந்தவர். பைத்தியம் என்று சொல்லத்தானே தோன்றும்? அந்த மனிதர் 1971-இல் ஹியெய் மலைக் கோயிலில் பௌத்தத் துறவியாகத் தீட்சை பெற்றார். அதன்பிறகும் காலால் வரைவதை விடவில்லை.

ஜப்பான்வரை போக வேண்டாம். பெங்களூரிலிருந்து ஓர் இரவு பேருந்து ஏறினால் சிவமொக்கா மாவட்டம் சாகரப் பக்கம் தீவர் சமூகத்துப் பெண்கள் சுவரில் ஹசெ சித்தாரம் என்ற ஓவியம் எழுதுகிறார்கள். புளிச்சை நாரைக் கட்டிச் செய்த சின்னத் தூரிகை, அரிசி மாவின் வெள்ளை, செம்மண்ணின் சிவப்பு, கருக வறுத்த அரிசியின் கறுப்பு. அளவுகோல் இல்லாமல் இழுக்கும் அந்தக் கோடுகளின் நேர்த்தியைப் பார்க்க வேண்டும்! நம் ஊரில் பொங்கலுக்கு முன் மட்டையை நசுக்கி நாராக்கிச் சுண்ணாம்பு அடித்த கைகளுக்கு அந்த நார்த் தூரிகை உறவுதான்.

"நான் ஆலையில் வேலை பார்க்கிறவன்" என்பவர்களுக்கு ஒரே ஒரு பெயர் சொல்கிறேன்: யூசுப் அரக்கல். கேரளத்துச் சாவக்காட்டில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, வீட்டைவிட்டுப் பெங்களூருக்கு ஓடிவந்தவர். எச்.ஏ.எல். விமான ஆலையில் வேலை பார்த்தவர். சித்ரகலா பரிஷத்தில் படித்து, நடைபாதையில் படுத்திருக்கும் மனிதர்களை உலகம் நின்று பார்க்கும்படி தீட்டியவர். ஆலைச் சங்கு அவர் கையை நிறுத்தவில்லை.

திறமை இருந்தால்தான் பலன் கிடைக்கும் என்ற அச்சத்தையும் தூக்கி எறியுங்கள். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனா, காகிதத் துண்டுகள் என்று விருப்பம்போல் எதையாவது செய்யவிட்டுப் பார்த்தார்கள். 2016-இல் முடிவு வெளியானது. நான்கில் மூன்று பேருக்கு எச்சிலில் கார்டிசோல் என்ற மன அழுத்தச் சுரப்பின் அளவு குறைந்திருந்தது. முன்பே கலை பழகியவர், பழகாதவர் என்ற வேறுபாடு அதில் பெரிதாகத் தெரியவில்லை. உங்கள் உடம்பு கிளி மூக்கைப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை!

அப்படியானால் கிளம்புங்கள். இந்தச் சனிக்கிழமையே எஸ்.பி. ரோட்டுக்கோ உங்கள் தெருமுனை ஹார்டுவேர் கடைக்கோ போய் மூன்று அங்குலத் தகடு ஒன்று கேளுங்கள். பெரிய காசில்லை. கேன்வாஸ் வாங்காதீர்கள், விலை உயர்ந்த பொருள் மறுபடி பயத்தைக் கூட்டிவரும். வீட்டுக்கு வந்த பார்சல் அட்டைப்பெட்டியைப் பிரித்து வெள்ளை அடித்துக் காயவையுங்கள். இரண்டே நிறம் போதும். போனை வேறு அறையில் வையுங்கள். 45 நிமிடம். என்ன வரையப் போகிறேன் என்று யோசிக்காமல் மூச்சை விட்டுக்கொண்டே முதல் இழுப்பை இழுங்கள். அது கோணலாக வரும், வரட்டும்! அதன்மேல் அடுத்ததை இழுங்கள். தகடு சலித்தால் பழைய சீப்பை எடுங்கள், தேங்காய் நாரை எடுங்கள், வெண்டைக்காயை நறுக்கித் தோய்த்து ஒற்றுங்கள், சாயத்தில் நனைத்த நூலை மடித்த காகிதத்துக்குள் வைத்து உருவுங்கள். முடித்ததைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், முதல் பத்துப் படங்களை யாருக்கும் காட்டாதீர்கள். இன்னொரு சிவப்பு மைப் பேனாவுக்கு நாமே நோட்டை நீட்ட வேண்டியதில்லை.

பத்துப் படங்களுக்குள் உங்கள் முன் யாரோ ஒருவர் வந்து நிற்பார். எனக்கு வந்தது என் அப்பா.

எந்த நிறத்தில் தொடங்கினாலும் நான் சுரண்டிச் சுரண்டி ஒரே நிறத்தில் வந்து நின்றேன். சாம்பல் கலந்த ஒரு மங்கிய மஞ்சள். எங்கேயோ பார்த்த நிறம் என்று மட்டும் தெரிந்தது. ஏழாவது அட்டையில்தான் பிடிபட்டது: தங்கவயலின் சயனைடு மேடு. தங்கத்தை எடுத்தபின் கொட்டிய மண் மலைமலையாகக் குவிந்து கிடக்குமே, அந்த நிறம். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கங்களில் அப்பா வேலை பார்த்தார். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்காரவில்லை. பெங்களூரில் வேலை தேடும் அவசரத்தில் இருந்தேன். அவர் போய்ச் சேர்ந்தபோதும் காரியங்களைக் கவனித்தேனே தவிர அழவில்லை. அந்த அழுகை என் தோளில் எங்கோ இறுகிக் கிடந்திருக்கிறது. தோளிலிருந்து இழுக்கக் கற்றபோது அது இறங்கியது. அட்டையின் முன் உட்கார்ந்து, கையில் பெயிண்டோடு, ஓவென்று அழுதேன். மறுநாள் காலை என் நடையே மாறியிருந்தது என்று மனைவி சொன்னாள்.

உங்களுக்கு வருவது அப்பாவாக இராது. சொல்லாமல் விட்ட ஒரு சொல்லாக இருக்கலாம், விழுங்கிய கோபமாக இருக்கலாம், பத்து வயதில் நிறுத்திவிட்ட ஒரு சிரிப்பாகவும் இருக்கலாம். வரட்டும். தகட்டை விடாமல் அதோடு உட்காருங்கள். தாங்க முடியாத இருட்டாக இருந்தால் மட்டும் தனியாகப் போராடாதீர்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். உதவி கேட்பதும் தைரியம்தான்.

அந்தப் பெயிண்டரைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. நான் பிளைவுட்டில் இழுத்த இரவுக்கு மறுநாள் அவர் தகட்டைத் தேடிக்கொண்டு பால்கனிக்கு வந்தார். பலகையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது நீங்க போட்டதா சார்?"

"ஆமாம். நீங்களும் ஒரு இழுப்பு இழுங்களேன்."

அவர் இரண்டடி பின்னால் போனார். "ஐயோ, எனக்கு இதெல்லாம் வராது சார். நான் செவுத்து ஆளு."

இருபத்தைந்து ஆண்டுகளாகப் பெங்களூரின் சுவர்களை முட்டை ஓடாக்கிய கை! எனக்குத் தொண்டை அடைத்தது. தகட்டை அவர் கையில் வைத்து, அவர் எனக்குச் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். "அழுத்தாதீங்கண்ணே. தோள்ல இருந்து இழுங்க. மூச்சை விட்டுக்கிட்டே."

வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டெயினரில் சிவப்பைத் தொட்டு, இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைவரை, ஒரே மூச்சில் இழுத்தார். ஓரத்தில் ஒரு வரி இல்லை. என் நீலமும் மஞ்சளும் அந்தச் சிவப்புக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றன. என் கிளியின் குறுக்கே விழுந்த கோடும் சிவப்புத்தான். இதுவும் சிவப்புத்தான்.

பேர் எழுதச் சொன்னேன். பேனா எடுக்க நான் உள்ளே போவதற்குள், காயாத சிவப்பில், ஆள்காட்டி விரலால், ஒவ்வோர் எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தார்.